கோடைக் காய்கள்: கூட்டா, பொரியலா, மோர்க்குழம்பா, பச்சடியா?

பங்குனி பிறந்துவிட்டால் காய்கறிக் கடைகளில் வரிசை மாறத் தொடங்குகிறது. குளிர்காலம் முழுவதும் முன்னால் நின்ற காலிஃபிளவரும் பச்சைப் பட்டாணியும் விலையேறியும் வாடியும் பின்னுக்குப் போக, சுரை, புடலை, பீர்க்கு, வெள்ளைப் பூசணி, வெள்ளரி ஆகிய கொடிக்காய்களும், வெண்டை, கொத்தவரை, முருங்கை, மாங்காய் ஆகியவையும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. எதை வாங்குவது என்பதில் பெரிய குழப்பம் இல்லை. அன்றைக்கு மலிவாகவும் புதிதாகவும் வந்திருப்பதை வாங்குவதே முறை. வாங்கி வந்ததை எப்படிச் சமைப்பது என்பதில்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அரைக் கிலோ சுரைக்காயைக் கூட்டாகவும் வைக்கலாம், பொரியலாகவும் வதக்கலாம், மோர்க்குழம்பிலும் போடலாம், பிஞ்சாக இருந்தால் துருவி ஒரு கொதியில் வேகவைத்துத் தயிரில் கலந்து பச்சடியாகவும் பரிமாறலாம். மற்ற மாதங்களில் இது நாக்கின் விருப்பத்தைப் பொறுத்தது. மே 4 வாக்கில் கத்திரி வெயில் தொடங்கி, வேலூர், திருத்தணி, கரூர் பரமத்தி போன்ற ஊர்களில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்களில், அடுப்படியில் நிற்பவர் எவ்வளவு நேரம் வேக வேண்டும் என்பதும், காலையில் செய்தது மாலைவரை கெடாமல் இருக்குமா என்பதும் இந்தத் தேர்வில் அடங்கியிருக்கின்றன.

ஆகவே இந்த ஒப்பீட்டில் சுவையை மட்டும் அளவுகோலாக வைத்துக்கொள்ளவில்லை. காயில் இருக்கும் நீர் சமையலின் முடிவில் எங்கே போகிறது, அடுப்பு எவ்வளவு நேரம் எரிகிறது, செய்த பண்டம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்ற கேள்விகளையே முதன்மையாகக் கொள்கிறேன். கோடையின் கொடிக்காய்கள் பெரும்பாலும் நீரால் ஆனவை. வெள்ளரி, சுரை, வெள்ளைப் பூசணி ஆகியவற்றில் நூற்றுக்கு 95 பங்குக்குக் குறையாமல் நீர் இருக்கிறது. புடலையும் பீர்க்கும் அதற்கு மிக அருகில் வருகின்றன. வெண்டையில் அது 90 பங்கு அளவிலும், கொத்தவரையில் 80 பங்கைச் சற்றுத் தாண்டியும் நிற்கிறது. ஒரே ‘காய்கறி’ என்ற பெயருக்குள் அடங்கினாலும், சுரைக்காயும் கொத்தவரங்காயும் வாணலியில் நடந்துகொள்ளும் விதம் வேறு வேறாக இருப்பதற்கு இந்த வேறுபாடே காரணம். எந்தக் காய்க்கு எந்தச் சமையல் என்பதையும் பெரும்பாலும் இதுவே முடிவு செய்கிறது.

முதலில் பொரியலை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் பெரும்பாலான வீடுகளில் யோசிக்காமலே கை போவது அதன் பக்கம்தான். பொரியல் என்றால் காய் உதிரியாக, ஈரம் ஒட்டாமல், தாளிப்பின் வாசனையோடு இருக்க வேண்டும். அரைக் கிலோ சுரைக்காயைத் தோல் சீவி நறுக்கி வாணலியில் இட்டு உப்பைத் தூவினால், சில நிமிடங்களில் துண்டுகள் தங்கள் நீரிலேயே மிதக்கத் தொடங்கிவிடும். அதைப் பொரியலாக்க வேண்டுமானால் அந்த நீரை ஆவியாக்கி விரட்டியாக வேண்டும். அறை வெப்பத்தில் இருக்கும் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படும் வெப்பத்தைப் போல 7 மடங்குக்கும் அதிகமான வெப்பம், அந்தக் கொதிநீரை ஆவியாக மாற்றத் தேவைப்படுகிறது. அதாவது, நீர்க்காயைப் பொரியலாக்கும்போது நாம் எரிக்கும் எரிவாயுவின் பெரும்பகுதி காயை வேகவைப்பதற்குப் போவதில்லை. காயின் நீரை அடுப்படிக் காற்றில் கலப்பதற்குப் போகிறது. ஏற்கெனவே புழுங்கிக்கொண்டிருக்கும் சமையலறையில் அந்த ஆவியும் சேர்ந்துகொள்கிறது. கடைசியில் கிடைப்பதோ வாங்கிய அளவில் பாதிகூடத் தேறாத, குழைந்து ஒட்டிய ஒரு கைப்பிடிக் காய். வெயில் காலத்தில் உடம்புக்கு நீர்ச்சத்து வேண்டும் என்று சொல்லிக்கொண்டே சுரையையும் வெள்ளைப் பூசணியையும் பொரியலாக்குவது, காசு கொடுத்து வாங்கிய நீரை நாமே வெளியேற்றுவதாகும்.

கூட்டு இந்த இடத்தில்தான் தன் அருமையைக் காட்டுகிறது. அதே சுரைக்காயை, அதே உப்போடு, மூடிபோட்ட பாத்திரத்தில் வைத்தால், தனியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டிய தேவையே அநேகமாக இல்லாமல் தன் சாற்றிலேயே 7, 8 நிமிடங்களில் வெந்துவிடும். பாசிப்பருப்பைச் சோற்றுக்கு வைக்கும் குக்கரிலேயே ஒரு சிறு கிண்ணத்தில் வைத்துவிட்டால் அதற்குத் தனி அடுப்பும் வேண்டாம். வெந்த பருப்பைக் காயோடு சேர்த்து, தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்துவிட்டு ஒரு கொதி வந்ததும் இறக்கி, கடுகும் உளுத்தம்பருப்பும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினால் வேலை முடிந்தது. காய் வெளியிட்ட நீர் முழுவதும் பருப்பின் குழைவோடு சேர்ந்து உணவாகவே தட்டுக்கு வருகிறது. சூட்டில் சிதைவதோடு நீரிலும் கரைந்து போகக்கூடிய வைட்டமின் சி, நீரில் மட்டும் கரைந்து போகும் பொட்டாசியம் போன்ற சத்துகளில், நீரோடு வெளியேறுவதாவது வீணாகாமல் மிஞ்சுகிறது. காயை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடிகட்டும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. நீர்க்காய்களுக்கு அது எந்த வகையிலும் பொருந்தாது.

கூட்டில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. நீர்க்காய்களைக் குக்கருக்குள் வைத்து விசில் விடுவது நேரத்தை மிச்சப்படுத்துவது போலத் தோன்றினாலும், குக்கரின் உள்ளே வெப்பம் 120 டிகிரியை எட்டுவதால் புடலையும் பீர்க்கும் இருந்த இடம் தெரியாமல் கரைந்துபோகும். பருப்புக்குக் குக்கர், காய்க்குத் திறந்து பார்க்கக்கூடிய மூடி என்ற பிரிவினையே சரியானது. புடலங்காயின் துண்டு நிறம் சற்றுத் தெளிந்து, கண்ணாடித் தன்மை வந்து, கரண்டியின் விளிம்பால் அழுத்தினால் வெட்டுப்படும் நேரத்தில் பருப்பைச் சேர்த்துவிட வேண்டும்; இன்னும் மெத்தென்று ஆகட்டும் என்று காத்திருந்தால், அரைத்த தேங்காயை விட்டுக் கொதிக்கவைக்கும் அந்த இரண்டு நிமிடங்களில் அது குழைந்துவிடும். பீர்க்கங்காய் புடலையைவிட விரைவாக வேகும். வெள்ளைப் பூசணி சற்றுத் தாமதிக்கும், ஆனால் வெந்த பிறகும் வடிவத்தைக் காப்பாற்றிக்கொள்ளும்.

இவ்வளவு சொன்ன பிறகு கூட்டின் பலவீனத்தையும் அதே அளவு தெளிவாகச் சொல்ல வேண்டும். பச்சைத் தேங்காயும் பருப்பும் நீரும் சேர்ந்த பண்டம் வெயிலில் மிக விரைவில் ஊசிப்போகும். சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம், வெளி வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்று அமெரிக்க வேளாண் துறை அறிவுறுத்துகிறது. நம் ஊரில் கோடைப் பகலில் 32 டிகிரிக்குக் கீழே இருக்கும் சமையலறை அரிது. காலை 7 மணிக்கு வைத்த கூட்டை மூடி மேடையிலேயே விட்டுவிட்டு மதியம் 1 மணிக்கு உண்பது பல வீடுகளில் வழக்கமாக இருக்கிறது. ஆனால் அந்த நேரத்துக்குள் மேலே நுரை கட்டி, கரண்டியில் எடுத்தால் நூல் போல இழுபடும் கூட்டைப் பார்த்தவர்கள் பலர். மணம் மாறுவதற்கு முன்பே கிருமிகள் பெருகத் தொடங்கிவிடுகின்றன என்பதால், முகர்ந்து பார்த்து முடிவு செய்வதும் நம்பத்தக்க சோதனை அன்று. கூட்டு என்று முடிவு செய்தால், அது உண்ணும் நேரத்துக்கு நெருக்கமாகச் சமைக்கப்பட வேண்டும். அல்லது பருப்பும் காயும் வெந்த நிலையில், அரைத்த தேங்காய் சேர்க்காமல், ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டிக்குள் போக வேண்டும். சாப்பிடுமுன் அதை நன்றாகக் கொதிக்கவைத்துத் தேங்காயை அப்போது அரைத்துவிட்டால் சுவையும் குறைவதில்லை. காலையில் வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த இரண்டாவது வழியே நடைமுறைக்கு ஏற்றது.

தாங்கும் திறனைப் பார்த்தால் பொரியல் மீண்டும் தலைதூக்குகிறது, அதுவும் நியாயமாகவே. நீர் குறைந்த பண்டத்தில் கெடுதல் மெதுவாகவே தொடங்கும். காலை 8 மணிக்குக் கட்டிக் கொடுத்த சாப்பாட்டை மதியம் திறக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அலுவலகம் போகிறவர்களுக்கும் கூட்டைவிடப் பொரியலே பாதுகாப்பானது. ஆனால் அதற்கு நீர்க்காயைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியம் இல்லை. இயல்பிலேயே நீர் குறைந்த கொத்தவரை, வெண்டை, கோவை ஆகியவை இதே பருவத்தில் வருகின்றன. கொத்தவரையைப் பொடியாக நறுக்கி ஆவியில் அரைவேக்காடாக வேகவைத்து, தாளித்து, தேங்காய் சேர்க்காமல் இறக்கினால் கூட்டைவிட நன்றாகத் தாங்கும். வெண்டைக்காயைக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, பிறகு நறுக்கி, அகன்ற இரும்பு வாணலியில் பரப்பி, உப்பைக் கடைசியில் சேர்த்து வதக்கினால் வழவழப்பு தங்காது. முதலிலேயே உப்பைப் போட்டால் அது நீரை வெளியே இழுத்து, வெண்டையின் கோந்துத் தன்மையைக் கிளப்பிவிடும். சுரையில் நாம் விரும்பிச் செய்வதையே வெண்டையில் தவிர்க்க வேண்டியிருக்கிறது. பொரியலுக்குத் தேங்காய்த் துருவல் தூவுவது பலருக்கு விட முடியாத பழக்கம். கட்டிக் கொடுக்கும் உணவாக இருந்தால் கோடை மாதங்களில் அதை விட்டுவிடுவது நல்லது. வறுத்துப் பொடித்த வேர்க்கடலையோ எள்ளோ அந்த இடத்தை நிரப்பும்.

புடலங்காய் இந்தப் பிரிவினைக்கு இடையில் நிற்கும் காய். சந்தையில் இரண்டு வகை கிடைக்கிறது: ஆளுயரத்துக்குத் தொங்கும் நீளப் புடலை, முழம்கூட இல்லாத குட்டைப் புடலை. பிஞ்சாக இருக்கும் குட்டைப் புடலையில் சதை கெட்டியாக இருப்பதால், மெல்லிய வளையமாக நறுக்கிப் பெருந்தீயில் விரைவாக வதக்கினால் நல்ல பொரியலாகும். முற்றிய நீளப் புடலைக்கு அந்தத் தகுதி கிடையாது. அதை விதை நீக்கிக் கூட்டுக்கு அனுப்பிவிடலாம்.

மோர்க்குழம்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் கோடைக்கென்றே அமைந்தது போன்ற அந்தச் சமையலைப் பலர் திரிந்துபோகும் என்ற பயத்தாலேயே தவிர்க்கிறார்கள். வெள்ளைப் பூசணியைச் சதுரத் துண்டுகளாக நறுக்கி, சிறிது மஞ்சள் தூளும் உப்பும் சேர்த்து அளவான நீரில் தனியே வேகவைத்துக்கொள்ள வேண்டும். ஒரு மேசைக்கரண்டி துவரம்பருப்பையும் ஒரு தேக்கரண்டி பச்சரிசியையும் அரை மணி நேரம் ஊறவைத்து, தேங்காய், பச்சை மிளகாய், சீரகம், ஒரு சிறு துண்டு இஞ்சியுடன் மையாக அரைத்து, அந்த விழுதை வெந்த காயில் விட்டு, பருப்பின் பச்சை வாசனை போகும்வரை கொதிக்கவிட வேண்டும். இந்தக் கட்டம்வரை மோர் அடுப்பின் பக்கமே வரக்கூடாது. பிறகு தீயை முழுவதும் தணித்து, கட்டியில்லாமல் கடைந்த, கொஞ்சம் புளித்த மோரை ஊற்றி, ஒரே திசையில் மெதுவாகக் கிளறிக்கொண்டிருந்தால், இரண்டு மூன்று நிமிடங்களில் ஓரங்களில் நுரை கூடும். நுரை நடுவை நோக்கி நகரத் தொடங்கும் அந்தக் கணத்தில் இறக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதிக்கவிட்டால் புரதம் சுருங்கி, நீர் வேறு திப்பி வேறாகப் பிரிந்துவிடும். அரிசியும் பருப்பும் அரைத்துச் சேர்ப்பதற்குக் காரணம் கெட்டித்தன்மை மட்டும் அன்று. அவற்றின் மாவுச்சத்து மோரின் புரதத்தை ஒன்றோடொன்று திரண்டுவிடாமல் தடுத்து நிறுத்துகிறது. தேங்காயெண்ணெயில் கடுகு, வெந்தயம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால், சோற்றில் பிசைந்து உண்ண வேறு எதுவும் தேவைப்படாது. கொத்தவரங்காய்ப் பருப்பு உசிலி பக்கத்தில் இருந்தால் அது நிறைவான பொருத்தம்.

கூட்டோடு ஒப்பிட்டால் மோர்க்குழம்பில் அடுப்பு எரியும் நேரம் ஏறத்தாழ அதேதான். ஆனால் குழம்பு, தொட்டுக்கொள்ளும் காய் என்ற இரண்டு வேலைகளை ஒரே பாத்திரம் செய்துவிடுவதால், மொத்தச் சமையலில் ஓர் அடுப்பு குறைகிறது. கோடையில் இந்த மிச்சத்தைச் சிறிதாக எண்ணக்கூடாது. வீட்டில் புளித்துப்போகும் நிலையில் இருக்கும் தயிருக்கும் அது வழிகாட்டுகிறது. வெயில் காலத்தில் காலையில் உறைந்த தயிர் மாலைக்குள் புளித்துவிடுகிறது அல்லவா? குறை என்னவென்றால், ஒருமுறை இறக்கிய மோர்க்குழம்பை மறுபடியும் சூடுபடுத்த முடியாது, சூடுபடுத்தினால் திரிந்துவிடும். காலையில் வைத்ததை இரவுக்கும் நீட்ட நினைக்கும் வீடுகளுக்கு அது பொருந்தாது. அன்றாடம் மதியம் வீட்டில் உண்பவர்கள் இருக்கும் குடும்பங்களில், வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் புளிக்குழம்பை ஒதுக்கிவிட்டு மோர்க்குழம்புக்கு இடம் கொடுக்கலாம் என்பதே என் கருத்து.

கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கத்து அவியலைக் கூட்டுக்கும் மோர்க்குழம்புக்கும் நடுவில் வைக்கலாம். வெள்ளரி, வெள்ளைப் பூசணி, முருங்கை, புடலை என்று அன்று கிடைத்த காய்களை நீளவாக்கில் நறுக்கி, மிகக் குறைந்த நீரில் மூடி வேகவைத்து, தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் ஒன்றிரண்டாக அரைத்துச் சேர்க்கும் அந்த முறையில் காயின் நீர் வெளியே போவதற்கு வாய்ப்பில்லை. புளிப்புக்குத் தயிருக்குப் பதிலாக மாங்காய்த் துண்டுகளைச் சேர்ப்பது கோடையில் கூடுதல் நன்மை; தயிர் திரியுமோ என்ற கவலையும் இல்லை, மாங்காய் மலிவாகக் கிடைக்கும் பருவமும் அதுதான். கொஞ்சம் கொஞ்சமாகப் பல காய்கள் மிஞ்சியிருக்கும் நாளுக்கு இதைவிடப் பொருத்தமான சமையல் இல்லை. ஆனால் தேங்காய் நிறைய இருப்பதால், கூட்டுக்குச் சொன்ன எச்சரிக்கை முழுவதும் அவியலுக்கும் பொருந்தும்.

அடுப்பே வேண்டாத, அல்லது தாளிப்புக்கு மட்டும் ஒரு நிமிடம் அடுப்பை நாடும் பச்சடியை, பெரும்பாலான வீடுகள் விருந்துக்கு மட்டும் உரியதாக ஒதுக்கி வைத்திருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வெயில் உச்சத்தில் இருக்கும் வாரங்களில் அன்றாட உணவில் ஒரு பச்சடி இருந்தாக வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்வேன். வெள்ளரியைப் பொடியாக நறுக்கியோ துருவியோ, தயிரில் கலந்து, கடுகும் பச்சை மிளகாயும் தாளித்துப் போட்டால் ஐந்து நிமிட வேலை. உப்பை மட்டும் இலையில் பரிமாறும் நேரத்தில் சேர்க்க வேண்டும். முன்கூட்டியே சேர்த்தால் வெள்ளரி தன் நீரைத் தயிரில் இறக்கி, பச்சடி நீர்த்துப்போய், துண்டுகளும் துவண்டுவிடும். ராமநவமிக்கு நீர்மோர், பானகத்தோடு கொடுக்கும் கோசுமல்லியை மற்ற நாட்களிலும் செய்யலாம்: பாசிப்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்து, துருவிய வெள்ளரி, மாங்காய், கொஞ்சம் தேங்காய், எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கலந்தால், பச்சையாகவே புரதமும் நீரும் கிடைத்துவிடும். சூட்டில் சிதையும் வைட்டமின் சி மாங்காயில் இருந்து முழுமையாகக் கிடைப்பதும் இந்த வழியில்தான்.

பச்சையாக உண்பதற்கு ஒரு விலையும் இருக்கிறது. சமைக்கும்போது கொதி கொல்லும் கிருமிகள் இங்கே அப்படியே தட்டுக்கு வரக்கூடும். காயை ஓடும் நீரில் தேய்த்துக் கழுவ வேண்டும்; தண்ணீர்ப் பஞ்சத்தால் லாரி நீரையோ, தேக்கிவைத்த நீரையோ நம்பியிருக்கும் பகுதிகளில் கடைசிக் கழுவலுக்குக் கொதிக்கவைத்து ஆறிய நீரைப் பயன்படுத்துவது நல்லது. நறுக்கி வெளியே விற்கும் வெள்ளரித் துண்டுகளைவிட முழுப் பிஞ்சாக வாங்கி வீட்டில் நறுக்குவதே மேல். கைக்குழந்தைகளுக்கும், வயிறு சரியில்லாதவர்களுக்கும், வயது முதிர்ந்து மெல்லச் சிரமப்படுகிறவர்களுக்கும் பச்சடியைவிட நன்கு வெந்த கூட்டே ஏற்றது.

புளிக்குழம்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அது நெடுநேரம் தாங்கும் என்பது உண்மை. புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்து சுண்டிய குழம்பு மறுநாளும் சுவைக்கும். ஆனால் சுண்டவைக்க அடுப்பு நீண்ட நேரம் எரிய வேண்டும், நீர்க்காய்களின் மென்சுவை புளியில் அமிழ்ந்துவிடும். முருங்கைக்கும் கத்தரிக்கும் அது பொருந்தும், சுரைக்குப் பொருந்தாது. அதற்குப் பதிலாக முருங்கைக்காயும் மாங்காயும் போட்டு, புளியைக் குறைத்தோ அறவே விட்டோ வைக்கும் சாம்பார், இந்தப் பருவத்துக்கு மட்டுமே உரிய சுவையைத் தருகிறது. சித்திரையில் முருங்கை காய்த்துத் தள்ளும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய பி.கே.எம். 1 செடிமுருங்கை பரவிய பிறகு நீண்ட, சதைப்பற்றுள்ள காய்கள் தட்டுப்பாடின்றிக் கிடைக்கின்றன. மாங்காயைக் கடைசியில் சேர்த்து ஒரு கொதியோடு நிறுத்தினால் துண்டு கரையாமல் இருக்கும்.

மிஞ்சும் காயை என்ன செய்வது என்பதில் வெயிலையே துணையாகக் கொள்வது நம் வீடுகளின் பழைய வழி. கொத்தவரை, வெண்டை, சுண்டை, மணத்தக்காளி, மோர் மிளகாய் ஆகியவற்றை உப்பும் மோரும் சேர்த்துக் காயவைத்து எடுத்தால், மழைக்காலத்தில் காய் விலை ஏறும்போது கை கொடுக்கும். மொட்டை மாடியும் இடையில் கிளறிவிட ஆளும் இருப்பவர்கள் இதைத் தாராளமாகச் செய்யலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் பால்கனி மட்டும் உள்ளவர்கள் மோர் மிளகாயோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். அரைகுறையாகக் காய்ந்த வற்றல் பூசணம் பிடித்துப் பாழாகும். நீர்க்காய்களுக்கு வற்றல் வழி பயன்படாது. ஆனால் பீர்க்கங்காயின் தோலை எறிந்துவிடாமல், உளுத்தம்பருப்பும் மிளகாயும் வறுத்துச் சேர்த்துத் துவையலாக அரைத்தால், ஒரே காயில் இரண்டு பண்டங்கள் தேறும். புளி சேர்த்து, தேங்காய் இல்லாமல், நீர் அதிகம் விடாமல் அரைத்த துவையல், குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடுகளுக்கும் ஏற்றது.

எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு முன்னால் செய்தே ஆக வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது. சுரை, பீர்க்கு, வெள்ளரி ஆகியவற்றை நறுக்கியதும் ஒரு சிறு துண்டை நாவில் வைத்துப் பார்க்க வேண்டும். கசந்தால் துப்பிவிட்டு அந்தக் காயை முழுவதும் எறிந்துவிட வேண்டும். இந்தக் குடும்பத்துக் காய்களில் உருவாகும் குக்குர்பிட்டசின் என்ற பொருள்தான் கசப்புக்குக் காரணம். கடும் வெயிலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் கொடியை வாட்டும்போது அது கூடக்கூடும் என்பதால் கோடையில் இந்தக் கவனம் இரட்டிப்பாகத் தேவை. கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து வாந்தியும் இரத்தப்போக்கும் ஏற்பட்டு உயிரிழப்பு வரை சென்ற நிகழ்வுகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் அமைத்த வல்லுநர் குழு ஆராய்ந்து, கசக்கும் சுரையை எந்த வடிவிலும் உட்கொள்ளக் கூடாது என்று அறிவுறுத்தியது. வேகவைத்தால் சரியாகிவிடும், வெல்லம் போட்டால் தெரியாது என்றெல்லாம் எண்ணிவிடக் கூடாது. பாகற்காயின் கசப்பு வேறு பொருளால் வருவது. அதற்கு இந்த விதி பொருந்தாது.

இனி யாருக்கு எது என்ற முடிவுக்கு வரலாம். மதிய உணவைப் பெரும்பாலோர் வீட்டிலேயே உண்ணும் குடும்பமாக இருந்தால், உண்பதற்கு ஒரு மணி நேரத்துக்குள் வைத்த நீர்க்காய்க் கூட்டோ மோர்க்குழம்போ ஒன்று, பக்கத்தில் வெள்ளரிப் பச்சடி ஒன்று என்ற ஏற்பாடே கோடைக்கு முதல் தேர்வு. அடுப்பு அரை மணி நேரத்துக்குள் அணைந்துவிடும். காயின் நீரும் வீணாகாது. காலையிலேயே கட்டிக் கொடுக்க வேண்டியவர்கள் நீர்க்காயை இரவுச் சமையலுக்குத் தள்ளிவைத்துவிட்டு, காலையில் கொத்தவரை, வெண்டை, கோவை ஆகியவற்றைத் தேங்காய் இல்லாமல் பொரியலாக்க வேண்டும். கூடவே நறுக்காத வெள்ளரிப்பிஞ்சுகளைக் கழுவித் துடைத்துக் கொடுத்தனுப்பினால் நீர்ச்சத்துக் குறையும் தீர்ந்துவிடும். தனியாக வாழ்கிறவர்கள், ஒரு வேளை சமைத்து இரு வேளை உண்ண நினைப்பவர்கள், தேங்காய் சேர்க்காத பருப்புக் காயை ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்து, இரவில் பாதியைக் கொதிக்கவைத்து அரைத்துவிடும் முறையைப் பின்பற்றலாம். குளிர்பெட்டியே இல்லாத இடத்தில் அளவைக் குறைத்து, அந்த வேளைக்குத் தேவையானதை மட்டும் சமைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. மிச்சம் விழக்கூடியது என்று தெரிந்தால் அன்று துவையலைத் தேர்ந்தெடுக்கலாம்.

வாங்கும் முறையும் இந்த முடிவுகளோடு பிணைந்தது. 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை பிறகு பல ஊர்களுக்குப் பரவியிருப்பதால், காலையில் பறித்த காயை விலைப்பலகையைப் பார்த்து வாங்கும் வசதி பலருக்கு இருக்கிறது. கோடையில் வெயில் ஏறுவதற்கு முன்பே போய்விடுவது நல்லது, ஏனெனில் இரண்டு மணி நேர வெயிலில் பீர்க்கும் வெள்ளரியும் துவண்டுவிடும். சுரையை நகத்தால் அழுத்தினால் தோலில் தடம் பதிய வேண்டும், கையில் எடுத்தால் அளவுக்கு ஏற்ற கனம் இருக்க வேண்டும். வெண்டையின் நுனி ஒடித்ததும் முறிய வேண்டும், வளைந்தால் முற்றல். வாங்கி வந்தவற்றில் வெள்ளரி, பீர்க்கு, வெண்டை ஆகியவற்றை இரண்டு நாட்களுக்குள் சமைத்துவிட வேண்டும். புடலையும் சுரையும் இன்னும் ஓரிரு நாட்கள் பொறுக்கும். சாம்பல் பூத்த முற்றிய வெள்ளைப் பூசணி மட்டும் வெட்டாமல் நிழலில் வைத்தால் வாரக்கணக்கில் இருக்கும். வெட்டிவிட்டால் அதுவும் மறுநாளைக்குள் அடுப்பேற வேண்டியதுதான். ஆகையால் பூசணியை முழுதாக வாங்குவதானால் முதல் நாள் மோர்க்குழம்பு, மறுநாள் கூட்டு என்று இரண்டு நாட்களுக்கும் திட்டம் போட்டுக்கொண்டே வெட்ட வேண்டும். அவ்வளவு பேர் வீட்டில் இல்லையென்றால் கடையில் கீற்றாக வெட்டித் தரச் சொல்லி அன்றைய தேவைக்கு மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.